சுண்ணாம்பு மேட்டில் சைக்கிள்

நேயர்களுக்கு வணக்கம்.

பிரான்சில் சொந்தக்காரர் இல்லாத தெரு நம் புதுச்சேரியில் அரிது. அங்கே போகிறவர்கள் பாரிசைப் பார்க்கிறார்கள், லூர்து மாதா கோவிலில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள், உறவினர் வீட்டு விசேஷத்தில் கலந்துகொண்டு ஊர் திரும்புகிறார்கள். லூர்துக்குப் போகும் ஒரு வழியில் துலூஸ் நகரம் வரும். அங்கிருந்து கிழக்கே திரும்பினால், மியோ என்ற ஊரைச் சுற்றி, வறண்ட சுண்ணாம்புக்கல் மேடுகளும் அவற்றை அறுத்துக்கொண்டு ஓடும் ஆறுகளும் இருக்கின்றன. சைக்கிளில் மூட்டை கட்டிக்கொண்டு நாள்கணக்கில் சுற்ற அதைவிட நல்ல நிலத்தை நான் பார்த்ததில்லை. உங்களில் யாராவது அடுத்த முறை போகும்போது அங்கே நாலு நாள் ஒதுக்க வேண்டும் என்ற ஆசையில்தான் பேச வந்திருக்கிறேன்.

அந்த மேடுகளை அங்கே கோஸ் என்கிறார்கள். பெரியவை நான்கு: சொவெத்தேர், மெஜான், நுவார், லார்ஸாக். லோத், தார்ன், ஜோந்த், தூர்பி என்ற ஆறுகள் அவற்றைப் பிரிக்கின்றன. மேலே பரந்த புல்வெளி, கடல் மட்டத்திலிருந்து எண்ணூறு, ஆயிரம் மீட்டர் வாக்கில். விளிம்புக்கு வந்து நின்றால் நானூறு, ஐந்நூறு மீட்டர் கீழே ஆறு. இந்த மேடுகளையும் பக்கத்திலுள்ள செவென் மலைகளையும் 2011இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பல நூற்றாண்டுகளாக ஆடு மேய்த்தே மனிதர்கள் உருவாக்கிய நிலம் என்பதுதான் அதற்குச் சொன்ன காரணம்.

அங்கே மழைக்குக் குறைவில்லை. ஆனாலும் மேட்டில் ஓடையோ குளமோ காணமுடியாது. காரணம் பாறையில் இருக்கிறது. டைனோசர்கள் உலவிய ஜுராசிக் காலத்தில் அந்த இடம் ஆழமில்லாத கடலாக இருந்தது. சிப்பியும் சேறும் படிந்து படிந்து சுண்ணாம்புக்கல் ஆயிற்று. மழைத்துளி காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு லேசான அமிலமாக மாறுகிறது. அந்த அமிலம் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது. வெடிப்பு அகன்று குழியாகிறது, குழி குகையாகிறது. பெய்த மழை சல்லடையில் ஊற்றினது போல உள்ளே போய்விடுகிறது. அடியில் தண்ணீர் புகாத களிமண் அடுக்கைத் தொட்டதும் பக்கவாட்டில் ஓடி, பள்ளத்தாக்கின் அடிவாரத்தில் ஊற்றாக வெளியே வருகிறது.

அங்கே போகும் சைக்கிள்காரர் வழியைத் திட்டமிட இது ஒன்று தெரிந்தால் போதும். நம் ஊரில் கிலோமீட்டரைக் கணக்குப் பண்ணிக் கிளம்புவோம். வழியில் டீக்கடை இருக்கும், கோவில் வாசலில் குழாய் இருக்கும். அங்கே முதலில் பார்க்க வேண்டியது தண்ணீர் எங்கே என்பதை. கீழே ஆற்றங்கரை ஊரில் இரவு தங்க வேண்டும். விடிந்ததும் எல்லாப் பாட்டிலையும் நிரப்பிக்கொண்டு, வெயில் ஏறுவதற்குள் மேட்டில் ஏறிவிட வேண்டும். மதியம்வரை மேலே ஓட்டிவிட்டு, மாலையில் அடுத்த ஆற்றுக்கு இறங்க வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு மேடு, ஒரு ஆறு. அறுபது எழுபது கிலோமீட்டர்தான் வரும். அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம்.

நான் பரிந்துரைக்கும் வழி மியோவில் தொடங்குகிறது. ஊருக்கு மேற்கே, 2004 டிசம்பரில் திறந்த உயரமான பாலம் தார்ன் ஆற்றைத் தாண்டி நிற்கிறது. 2,460 மீட்டர் நீளம், கம்ப உச்சிவரை 343 மீட்டர் உயரம். அதில் மோட்டார் வண்டிகள் மட்டும்தான் போகலாம். நமக்கு அதன் காலடியில் போகும் பழைய சாலை. பாலத்தைப் பார்த்துவிட்டு ஊருக்குள் திரும்பி, ஆற்றை எதிர்த்து மேலே போனால் லெ ரொசியே. தார்னும் ஜோந்தும் கூடும் இடம் அது. அங்கிருந்து சேந்தெனிமி என்ற கல்வீட்டு ஊர்வரை தார்ன் பள்ளத்தாக்கு. ஒரு பக்கம் பாறைச் சுவர், மறுபக்கம் பச்சைத் தண்ணீர், நடுவே குறுகலான சாலை. சில இடங்களில் பாறையைக் குடைந்த சிறு சுரங்கங்கள் வரும். பின்விளக்கைப் பகலிலேயே போட்டு வையுங்கள்.

சேந்தெனிமியில் பூர்ல் என்றொரு ஊற்று இருக்கிறது. எனிமி என்ற இளவரசிக்கு வந்த தொழுநோய் அதில் குளித்ததும் தீர்ந்தது என்பது ஊர்க் கதை. மறுநாள் காலை அந்த ஊரிலிருந்து மெஜான் மேட்டுக்கு வளைந்து வளைந்து ஏறும் சாலையில் நானூறு மீட்டருக்கு மேல் ஏற்றம். அவசரப்படாமல் ஏறுங்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் ஊர் சின்னதாகும், ஆற்றுச் சத்தம் குறையும். அப்புறம் சட்டென்று ஏற்றம் முடிந்து, மரமே இல்லாத புல்வெளியும் முழு வானமும் வந்துவிடும். அந்த ஒரு நிமிடத்துக்காகவே நான் மறுபடி மறுபடி அந்தப் பக்கம் போக நினைக்கிறேன்.

மேட்டைத் தாண்டும் அதே சாலையோரம்தான் அவேன் அர்மான் குகை. 1897இல் லூயி அர்மான் என்ற கொல்லர் கண்டுபிடித்தது. உள்ளே முப்பது மீட்டர் உயரச் சுண்ணாம்புத் தூண் ஒன்று நிற்கிறது. கூரையிலிருந்து சொட்டிய நீரில் கரைந்திருந்த சுண்ணாம்பு படிந்து வளர்ந்தது. கோடை மதியத்தில் அந்தக் குளிருக்குள் போவது பெரிய சுகம். ஒரு சட்டை கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

அர்மானோடு வேலை செய்த எதுவார் மார்த்தேல் என்பவரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். குகை ஆராய்ச்சியை ஒரு துறையாக நிறுவியவர் அவர். 1891இல், இதே போன்ற இன்னொரு சுண்ணாம்புப் பகுதியில், தெளிந்து ஓடிய ஓர் ஊற்றில் குடித்துவிட்டு நோயில் விழுந்தார். தேடிப் பார்த்தால், மேட்டிலிருந்த குழியில் செத்த கன்று கிடந்தது. மண் வடிகட்டுவதைப் போலச் சுண்ணாம்புப் பாறை வடிகட்டாது. மேலே போட்டது கீழே அப்படியே வந்து சேரும். இதை ஊருக்கெல்லாம் எடுத்துச் சொன்னார். 1902ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டத்தில், செத்த மாடுகளைக் குழிகளில் வீசக்கூடாது என்று எழுதப்பட்டது. ஆகவே நேயர்களே, ஊற்று எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அப்படியே குடிக்காதீர்கள். குடிநீர் என்று பலகை உள்ள குழாயில் பிடியுங்கள். கிராமத்தில் எதுவும் கிடைக்காவிட்டால் கல்லறைத் தோட்டத்துக்குப் போங்கள். பூச்செடிக்கு ஊற்ற அங்கே பெரும்பாலும் ஒரு குழாய் இருக்கும். குடிக்க உகந்ததல்ல என்று எழுதியிருந்தால் தலையை நனைத்துக்கொள்ள மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மெய்ருவேஸ் ஊருக்கு இறங்கி, மறுநாள் ஜோந்த் ஆற்றோடு கீழே வந்தால் தலைக்கு மேல் பெரிய பிணந்தின்னிக் கழுகுகள் வட்டமிடும். அந்தப் பக்கத்தில் முற்றிலும் அழிந்துபோன இனம் அது. 1981 முதல் கூண்டில் வளர்த்துத் திரும்ப விட்டார்கள். இன்று பாறை முகடெங்கும் கூடு கட்டி வாழ்கின்றன. நம் நாட்டில் பிணந்தின்னிக் கழுகு எப்படி அருகிப் போயிற்று என்று தெரிந்தவருக்கு அந்தக் காட்சியை எளிதில் கடந்து போக முடியாது.

பிறகு நுவார் மேடு, தூர்பி ஆறு, கடைசியாக லார்ஸாக். லார்ஸாக்கில் ஆடுகளுக்காக வெட்டிய வட்டமான குட்டைகளைப் பாருங்கள். பாறை தண்ணீரைக் குடித்துவிடும் என்பதால் அடியில் களிமண் அடைத்து, சிலவற்றில் மேலே கல்லும் பாவியிருப்பார்கள். வீட்டுக் கூரை மழையைத் தொட்டிக்குத் திருப்பிச் சேமித்தவர்கள் அந்த மேட்டு மக்கள். அந்தச் செம்மறி ஆட்டுப் பாலில்தான் ரொக்ஃபோர் பாலாடைக் கட்டி. அதைப் பதப்படுத்துவதும் சுண்ணாம்புப் பாறைக் குகைகளில்தான்.

1971இல் அரசு லார்ஸாக்கில் இருந்த ராணுவ முகாமை விரிவாக்கப் போவதாக அறிவித்தபோது, 103 உழவர்கள் நிலத்தைத் தரமாட்டோம் என்று உறுதி எடுத்தார்கள். காந்தியிடம் வந்து தங்கிக் கற்றுப்போன லான்ஸா தெல் வாஸ்தோ 1972இல் அவர்களுக்காக உண்ணாவிரதம் இருந்தார். ஈபிள் கோபுரத்தடியில் ஆடுகளைக் கொண்டுபோய் மேய்த்தார்கள். பத்து வருடம் கையில் ஆயுதம் எடுக்காமல் நின்றார்கள். 1981இல் திட்டம் கைவிடப்பட்டது. இன்று நாம் அங்கே வேலி தடுக்காமல் ஓட்டிப் போவது அவர்கள் தயவில்.

வண்டியைப் பற்றிச் சுருக்கமாக. பின்பக்கத்துப் பெரிய பல் சக்கரம் முன்பக்கத்துச் சின்னதைவிடப் பெரிதாக இருக்கட்டும். மூட்டையோடு ஏற அது தேவை. சுண்ணாம்புச் சரளை கூர்மையானது, 35 மில்லிமீட்டருக்குக் குறையாத டயர் நல்லது. கடைகள் மதியம் பூட்டிவிடும், திங்கட்கிழமை பல ஊரில் திறப்பதே இல்லை. மே, ஜூன், செப்டம்பர் தொடக்கம் ஏற்ற காலம். செப்டம்பர் பாதியிலிருந்து மத்தியதரைக் கடலின் ஈரக்காற்று செவென் மலையில் மோதி ஒரே நாளில் கொட்டித் தீர்க்கும். ஆறு சில மணி நேரத்தில் ஏறிவிடும். ஐப்பசி கார்த்திகையில் கெடிலத்தையும் பெண்ணையாற்றையும் பார்த்த கடலூர்க்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பழகுவதற்கு நம் பக்கத்தில் கல்வராயன் மலை இருக்கிறது. வெள்ளிமலை ஏற்றத்தை மூட்டையோடு ஏறினவர் மெஜானுக்குத் தயார்.

பிரான்சு போக வாய்ப்பில்லை என்கிறவர்களுக்கும் ஒரு வழி சொல்கிறேன். கடலூரிலிருந்து விருத்தாசலம், பெண்ணாடம், வெள்ளாற்றைத் தாண்டி அரியலூர். அதுவும் பழைய கடலடிதான். புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சி பக்கங்களில் கிடைத்த கடல் உயிரிகளின் கல்லுருக்களை எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்ற பிரிட்டிஷ் இயற்கை ஆய்வாளர் 1846இலேயே விவரித்து எழுதினார். அரியலூர் அருகே வாரணவாசியில் அருங்காட்சியகம் இருக்கிறது. பெரம்பலூர் மாவட்டச் சாத்தனூரில் பதினெட்டு மீட்டர் நீளக் கல்மரம் கிடக்கிறது. காரை ஊரின் அரிப்புப் பள்ளங்களில் ஓட்டினால் வேறு கிரகம் போலிருக்கும். அங்கே மழைக்கு மறுநாள் போகாதீர்கள். களிமண் சக்கரத்தில் ஏறி மட்கார்டை அடைத்துவிடும். கண்ணில் படும் கல்லுருக்களை எடுக்காமல் கிடந்த இடத்திலேயே விட்டு வையுங்கள், பின்னால் வருகிறவர் பார்க்கட்டும்.

சிமெண்டு ஆலை லாரிகள் ஓடும் பெரிய சாலையைத் தவிர்த்துக் கிராமச் சாலைகளில் போங்கள். கைவிட்ட சுரங்கக் குழிகளில் தண்ணீர் நீலமாக நிற்கும், இறங்கவே கூடாது. கரை செங்குத்து, ஆழம் தெரியாது. மார்கழி, தை மாதங்கள் பொருத்தம். திரும்பும்போது அரியலூரில் ரயில் ஏறி விழுப்புரத்தில் இறங்கிக்கொள்ளலாம். வண்டியைப் பார்சலில் பதிவு செய்ய ரயில் நேரத்துக்கு ஒரு மணிக்கு முன்பே நிலையத்தில் இருங்கள்.

நன்றி, வணக்கம்.