வாசல் காத்த அந்திரே

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

நோயாளிகளை வீட்டிலும் மருத்துவமனையிலும் போய்ப் பார்த்துவரும் பங்குக் குழு ஒன்றில் நான் பல வருஷமாக இருக்கிறேன். குணமளிக்கும் புனிதர்கள் மேல் எனக்கு ஈடுபாடு வந்தது அப்படித்தான். அவர்களில் என் மனதுக்கு மிக நெருக்கமானவர் கனடாவில், மொன்றியால் நகரத்தில் வாழ்ந்த புனித அந்திரே பெசெத். ஆயிரக்கணக்கான நோயாளிகள் தேடி வந்த அந்த மனிதர், வாழ்நாள் முழுக்கத் தாமே நோயாளியாக இருந்தவர். இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

1845 ஆகஸ்ட் 9ஆம் தேதி, கியூபெக் மாகாணத்து கிராமம் ஒன்றில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் ஆல்பிரட்; அந்திரே என்பது துறவியானபோது பெற்ற பெயர். குழந்தை பிழைக்காது என்று பயந்து, பிறந்த கையோடு ஞானஸ்நானம் கொடுத்துவிட்டார்கள். பிழைத்தது. ஆனால் தகப்பனார் மரம் வெட்டும் இடத்தில் மரம் விழுந்து இறந்தபோது ஆல்பிரடுக்குப் பத்து வயதுகூட நிறையவில்லை. தாயார் காசநோயில் போனபோது வயது பன்னிரண்டு. பிள்ளைகள் உறவினர் வீடுகளுக்குப் பிரிந்து போனார்கள். செருப்புத் தைக்கப் பழகினார், ரொட்டி சுடும் இடத்தில் நின்றார், கொல்லன் பட்டறைக்குப் போனார், அமெரிக்காவுக்குப் போய்ப் பஞ்சாலைகளில் உழைத்தார். எந்த வேலைக்கும் உடம்பு ஒத்துழைக்கவில்லை. வயிறுதான் பிரச்சினை. சாப்பிட்டது தங்காது. கடைசிக் காலம் வரைக்கும் பெரும்பாலும் ரொட்டியைப் பாலிலும் தண்ணீரிலும் ஊறவைத்துச் சாப்பிட்டுத்தான் காலம் தள்ளினார்.

1870இல் திருச்சிலுவை சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையில் சேர வந்தார். அவருடைய பங்குத்தந்தை பிரொவான்சால் சபைக்கு முன்கூட்டியே ஒரு கடிதம் போட்டிருந்தார்: "உங்களுக்கு ஒரு புனிதரை அனுப்புகிறேன்." வந்து நின்றவரோ எழுதப் படிக்கச் சரியாகத் தெரியாத, ஒல்லியான, நோஞ்சான் இளைஞர். இந்த உடம்பை வைத்துக்கொண்டு துறவற வாழ்க்கை முடியாது என்று திருப்பி அனுப்பவே பார்த்தார்கள். அந்தச் சமயம் மொன்றியால் ஆயர் இஞ்ஞாஸ் பூர்ஷே சபையின் கல்லூரிக்கு வந்தார். ஆல்பிரட் நேரே போய் ஆயரிடமே கெஞ்சினார். "பயப்படாதே மகனே" என்று ஆயர் தேற்றியதாகச் சொல்வார்கள். 1874இல் ஆல்பிரட் இறுதி வார்த்தைப்பாடு, அதாவது வாழ்நாள் துறவற உறுதிமொழி, கொடுத்துவிட்டார். ஆக, நோயைக் காரணம் காட்டி வெளியே போகவேண்டியிருந்தவர் அவர். பிற்காலத்தில் எத்தனையோ நோயாளிகள் அவர் முன்னால் நின்றபோது, ஒதுக்கப்படுவது எப்படி இருக்கும் என்று யாரும் அவருக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

சரி, என்ன வேலை கொடுத்தார்கள்? நோத்ர்தாம் கல்லூரியில் வாசல்காப்போன். மணி அடித்தால் கதவைத் திறப்பது, வந்தவரை உட்காரவைப்பது, தபால் வாங்கிவருவது, பையன்களை எழுப்புவது, துணி வெளுப்பது, ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு தரையைத் துடைப்பது. ஏறத்தாழ நாற்பது வருஷம்! "சபைக்கு வந்ததும் எனக்கு வாசலைக் காட்டினார்கள், நாற்பது வருஷம் அங்கேயே இருந்துவிட்டேன்" என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்வாராம். இந்த வாசலைப் பற்றி நான் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு கல்லூரி வாசலுக்கு யார் யார் வருவார்கள்? பிள்ளையைப் பார்க்க வரும் தாய், கடன் கேட்டு வரும் தகப்பன், பசியோடு வரும் வழிப்போக்கன். எல்லோரும் முதலில் பார்ப்பது வாசலில் இருப்பவரின் முகத்தைத்தான். இவர் "என்ன விஷயம்?" என்று கேட்பதோடு நிறுத்தவில்லை, உட்கார்ந்து கேட்டார். வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால், இயேசுவின் வளர்ப்புத் தந்தையான புனித சூசையப்பரின் சுரூபத்துக்கு முன்னால் எரியும் விளக்கிலிருந்து கொஞ்சம் எண்ணெய் கொடுப்பார். "இதைத் தடவிக்கொள்ளுங்கள், சூசையப்பரிடம் வேண்டிக்கொள்ளுங்கள்." அவ்வளவுதான். நீளமான செபமோ சடங்கோ எதுவும் கிடையாது.

குணமானதாகச் சொன்னவர்கள் பெருகிக்கொண்டே போனார்கள். கூட்டம் தாங்க முடியாமல் போனது. நோயாளிகள் வருவதால் பிள்ளைகளுக்குத் தொற்றிவிடுமோ என்று பெற்றோர் முறையிட்டார்கள். அப்புறம் என்ன செய்தார் தெரியுமா? கல்லூரிக்கு எதிரே இருந்த டிராம் நிறுத்தத்தில் வைத்து அவர்களைச் சந்தித்தார். பேராயர் புருஷேசி விசாரித்தார். "நிறுத்தச் சொன்னால் அவர் நிறுத்துவாரா?" என்று கேட்டார். "மறுபேச்சு இல்லாமல் நிறுத்துவார்" என்றார் சபைத் தலைவர். "அப்படியானால் விட்டுவிடுங்கள். இது கடவுளின் வேலை என்றால் நிலைக்கும், இல்லாவிட்டால் தானே சரிந்துவிடும்" என்றாராம் பேராயர்.

நீங்கள் குணமாக்கினீர்கள் என்று யாராவது சொன்னால் சகோதரர் அந்திரேவுக்குக் கோபம் வந்துவிடும். "குணமாக்குகிறவர் சூசையப்பர். நான் அவருடைய சின்ன நாய்க்குட்டி." இந்தக் கோபம் எனக்கு மிகவும் பிடிக்கும். பணிவு என்றால் தலையைக் குனிந்துகொண்டு மெல்லப் பேசுவது என்று நாம் நினைக்கிறோம். இவரோ சில சமயம் சுள்ளென்று பேசுவார், அதற்காக அப்புறம் அழவும் செய்வார். வந்தவர்கள் எல்லோரும் குணமாகவும் இல்லை, இதையும் சொல்லத்தான் வேண்டும். துன்பம் நீங்க வேண்டும் என்பதைவிட, அதைத் தாங்கும் வரத்தைக் கேளுங்கள் என்றே அவர் பலருக்குச் சொன்னார். அவருடைய வயிறு கடைசிவரை ஆறவில்லை, பார்த்தீர்களா? நோயாளியின் கட்டிலுக்கு அருகே என்ன சொல்வது என்று தெரியாமல் நிற்கும்போதெல்லாம் எனக்கு அந்த வயிறுதான் நினைவுக்கு வருகிறது.

மாணவர்களுக்கு முடிவெட்டி, ஆளுக்கு ஐந்து சென்ட் வாங்கி, சிறுகச் சிறுகச் சேர்த்தார். அந்தப் பணத்தோடு கிடைத்த காணிக்கைகளையும் வைத்து, 1904இல் மவுண்ட் ராயல் மலைச்சரிவில் சூசையப்பருக்கு ஒரு சின்ன மரக் கோயில் எழும்பியது. பத்துப் பேர் நின்றால் நிறைந்துவிடும். இன்றைக்கு அதே மலையில் நிற்கும் பேராலயத்துக்கு ஏறும் 283 படிகளில் 99 மரப்படிகள், முழங்காலில் ஏறுகிறவர்களுக்கென்றே. உள்ளே குணமானவர்கள் விட்டுப்போன ஊன்றுகோல்கள் வரிசையாகத் தொங்குகின்றன. மலையடிவாரத்துக் கோத் தெ நேஜ் பகுதியில் நம் ஈழத்துச் சொந்தங்களும் வசிக்கிறார்கள்.

நேரம் ஆகிவிட்டது என்று நிலையத்தார் கையைக் காட்டுகிறார். பேராலயம் கட்டிய கதையைச் சொல்லவேண்டும் என்று வைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1930களில் பணமில்லாமல் கட்டட வேலை நின்றது. கூரையில்லாத சுவர்களுக்கு நடுவே சூசையப்பர் சுரூபத்தை வைக்கச் சொன்னார் இவர். கூரை வேண்டுமானால் அவரே பார்த்துக்கொள்வார் என்றார். வேலை மறுபடி தொடங்கியது, 1967இல் நிறைவேறியது. இவர் அதைப் பார்க்கவில்லை. 1937 ஜனவரி 6ஆம் தேதி, 91 வயதில் இறந்தார். உறைபனியில் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் வரிசையில் நின்று அவர் உடலைப் பார்த்தார்கள். அவருடைய இதயம் அந்தப் பேராலயத்தில் பாதுகாக்கப்படுகிறது. 1973இல் அது திருடுபோய் அடுத்த வருஷம் திரும்பக் கிடைத்தது பெரிய கதை, இன்று நேரமில்லை. 2010 அக்டோபர் 17ஆம் தேதி திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் இவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார். ஜனவரி 6 இவர் திருநாள். அன்று மூவிராசாக்கள் திருநாளும் வருவதால் கனடாவில் மட்டும் 7ஆம் தேதி கொண்டாடுகிறார்கள். நன்றி, வணக்கம்.