புள்ளிக்கு மேலே மகன்

நேயர்களுக்கு வணக்கம். திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். தொடுதிரை போன்கள்தான் இப்போது அதிகம். ஆனாலும் வாரத்துக்கு இரண்டு மூன்று மடக்கு போனாவது, அதாவது மூடி வைத்த பொத்தான் போனாவது, என் மேசைக்கு வந்துவிடும். கொண்டுவருகிறவர்கள் பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர்கள். அதில் பாதி போனுக்குத் திருப்புளியே தேவைப்படாது. போனில் இருக்கிற வசதியை யாரும் அவர்களுக்கு உட்கார்ந்து சொல்லித் தந்திருக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

போன மழைக்காலத்தில் பூக்கட்டி விற்கும் ஓர் அம்மா வந்தார். "தம்பி, நாலு நாளா மகன் பேசவே இல்லை. போன் செத்துப்போச்சான்னு பாரு" என்றார். திறந்து பார்த்தேன். பதினொரு மிஸ்டு கால், பதினொன்றும் மகனுடையது. போனுக்கு ஒன்றுமில்லை. மணிச்சத்தம் அடியோடு குறைந்து சைலண்டில் கிடந்தது. சுருக்குப் பையில் சில்லறையோடு சேர்த்து வைத்திருக்கிறார். மூடி மடங்கியிருந்தால் உள்ளே இருக்கும் எண் பொத்தான்களுக்குப் பாதுகாப்புதான், ஆனால் சில மாடல்களில் பக்கவாட்டில் இருக்கும் ஒலிப் பொத்தான் மூடியிருக்கும்போதும் வேலை செய்யும். நாணயம் அழுத்தி அழுத்திச் சத்தம் போய்விட்டது. பிள்ளை கூப்பிடவில்லையே என்று நாலு நாள் அந்த அம்மா தூங்கவில்லை. எனக்கு அன்றைக்கு மனசு கேட்கவில்லை.

அந்த அம்மாவுக்கு எழுத்து தெரியாது. கண்ணிலும் புரை விழுந்திருந்தது. பெயரைத் தேடி எடுத்து அழைப்பதெல்லாம் நடக்காது. இப்படிப்பட்டவர்களுக்கு ஸ்பீடு டயலைப் போல உதவுகிற வசதி வேறு கிடையாது. ஓர் எண்ணைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால், அதற்கென்று பதிந்து வைத்த ஆளுக்கு அழைப்பு போகும். தொடர்புகள் பட்டியலிலோ அமைப்புகளிலோ இது இருக்கும். 1 வழக்கமாக வாய்ஸ்மெயில் என்கிற குரல் செய்திக்கு ஒதுக்கப்பட்டது, அதை விட்டுவிடுங்கள்.

எந்த எண்ணுக்கு யாரை வைப்பது என்பதில்தான் சூட்சுமம். பொத்தான் போனில் 5-ஐத் தடவிப் பாருங்கள். சின்னப் புள்ளியோ கோடோ மேடாக விரலில் தட்டுப்படும். கண் பார்க்காமலே விரல் இடம் கண்டுகொள்வதற்காக வைத்தது அது. புள்ளிக்கு நேர் மேலே 2, இடப்பக்கம் 4, வலப்பக்கம் 6, கீழே 8. நான் அந்த அம்மாவுக்கு இப்படித்தான் வைத்துக் கொடுத்தேன்: புள்ளிக்கு மேலே மகன், இடப்பக்கம் மகள், வலப்பக்கம் ஆட்டோக்காரர். மூன்று போதும். எட்டுப் பேரை நிரப்பினால் எல்லாம் குழம்பிவிடும்.

5-ஐ ஏன் விட்டேன் தெரியுமா? 2017 ஜனவரி முதல் இந்தியாவில் விற்கும் பொத்தான் போன்களில் 5 அல்லது 9-ஐ அழுத்திப் பிடித்தால் அவசர எண் 112-க்கு அழைப்பு போக வேண்டும் என்று அரசு விதித்தது. அதற்கு முன் வாங்கிய போனில் இது இருக்காது. அதில் 112 என்று எண்ணை அழுத்திப் பச்சைப் பொத்தானைத் தட்ட வேண்டும்.

அப்புறம் மூடி. மூடிக்குள் ஒரு குட்டிக் காந்தம் இருக்கும், அடிப்பாகத்தில் அதை உணர்கிற சென்சார் இருக்கும். மடக்கியதும் காந்தம் பக்கத்தில் வருகிறது, போன் அழைப்பைத் துண்டிக்கிறது. சிவப்புப் பொத்தானைத் தேட வேண்டியதில்லை. வயதானவர்கள் அழைப்பைத் துண்டிக்காமலே போனை வைத்துவிடுவார்களே, அந்தத் தொல்லை இதில் இல்லை. திறந்தாலே அழைப்பை எடுக்கும் வசதியும் அமைப்புகளில் உண்டு. வெளிப்புறத்தில் குட்டித் திரை இருக்கிற போனுக்கு அதை வையுங்கள், யார் என்று பார்த்துவிட்டுத் திறக்கலாம். வெளித்திரை இல்லாத போனுக்கு வேண்டாம். யாரென்று பார்க்கத் திறப்பதற்குள் முன்பின் தெரியாத ஒருவர் பேச ஆரம்பித்துவிடுவார்.

காதில் சத்தம் கேட்கவில்லை என்று வருகிறவர்களும் நிறைய. பேசிக்கொண்டிருக்கும்போது பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தினால்தான் காதுக்கான சத்தம் கூடும், மற்ற நேரத்தில் அழுத்தினால் மணிச்சத்தம்தான் மாறும். அதுவும் சரியாக இருந்தால் காதுப் பக்கத்துச் சல்லடைத் துளையைப் பாருங்கள். திருநீறும் தூசியும் சேர்ந்து அடைத்திருக்கும். காய்ந்த மெல்லிய பிரஷ்ஷால் துடைத்தால் போதும். ஊசி போடாதீர்கள், உள்ளே இருக்கிற ஸ்பீக்கர் கிழிந்துவிடும்.

பேசும்போது இடையில் டுக் டுக் என்று கேட்டால் இன்னொருவர் காத்திருக்கிறார் என்று அர்த்தம். ஜிஎஸ்எம் என்ற 2ஜி வகைப் போன்களில் 2-ஐ அழுத்திப் பச்சையைத் தட்டினால் முதல் ஆள் காத்திருக்க, இரண்டாவது ஆள் வருவார். 1-ம் பச்சையும் என்றால் முதல் அழைப்பு முடிந்து அடுத்தது வரும். முதல் ஆளைக் காத்திருக்க வைத்த பிறகு 3-ம் பச்சையும் அழுத்தினால் மூன்று பேரும் ஒரே பேச்சில். துபாயில் இருக்கும் மகனும் ஊரில் இருக்கும் மகளும் அம்மாவோடு சேர்ந்து பேச இது போதுமே! வெளிநாட்டு எண்ணைப் பதியும்போது 0-வை அழுத்திப் பிடித்தால் கூட்டல் குறி வரும்.

பழைய ஆட்கள் அழைப்பை எடுத்தவுடன் "சொல்லு, சொல்லு, காசு ஆகும்" என்று அவசரப்படுவார்கள், கவனித்திருக்கிறீர்களா? 2003 மே மாதத்துக்கு முன்பு நமக்கு வருகிற அழைப்புக்கும் நம் கணக்கிலிருந்துதான் காசு போனது. அந்தப் பயம் இன்னும் போகவில்லை. வருகிற அழைப்புக்குக் காசில்லை என்று ஒரு தடவை உட்கார்ந்து சொல்லுங்கள்.

இன்னொன்று, இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். கம்பெனியிலிருந்து பேசுகிறேன், நட்சத்திரக் குறி போட்டு 401, பிறகு இந்த எண்ணை அழுத்துங்கள் என்று யாராவது சொன்னால், அழுத்தவே கூடாது. உங்களுக்கு வரும் அழைப்புகளெல்லாம் அவர்கள் போனுக்குத் திரும்பிவிடும், வங்கியின் ஓடிபி அழைப்பு உட்பட. இந்த மோசடியால்தான் 2024 ஏப்ரல் 15 முதல் இப்படிக் குறியீடு அழுத்தி அழைப்பைத் திருப்பிவிடும் சேவையை நிறுத்தும்படி தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. சந்தேகமாக இருந்தால் ##002# என்று அழுத்திப் பச்சையைத் தட்டுங்கள், திருப்பிவிட்டதெல்லாம் ரத்தாகும். பணம் போயிருந்தால் சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்கு உடனே அழையுங்கள்.

அலமாரியில் கிடக்கும் பழைய போனை அப்பாவுக்குக் கொடுக்கலாம் என்று நினைத்தால், அது 2ஜி போனா என்று முதலில் பாருங்கள். ஜியோவுக்கு 2ஜி சேவை கிடையாது, அந்த சிம் அதில் எடுக்காது. மற்றபடி 2004-இல் வந்த மோட்டோரோலா ரேசர் இன்றைக்கும் என் கடைக்கு வந்து, பேட்டரி மாற்றியதும் பேசுகிறது.

கொடுக்கும்போது எல்லாவற்றையும் நீங்களே செய்து காட்டிவிட்டு எழுந்துவிடாதீர்கள். அவர்கள் கையிலேயே கொடுத்து, மூன்று தடவையாவது அழைக்கச் சொல்லுங்கள். பிறகு நீங்கள் அடுத்த அறைக்குப் போய் அவர்களை அழையுங்கள்.

அந்தப் பூக்கார அம்மாவை என் கடை பெஞ்சில் உட்காரவைத்து அப்படித்தான் பழக்கினேன். இரண்டு தடவை விரல் தடுமாறியது. மூன்றாவது தடவை போனைப் பார்க்கவே இல்லை. ரோட்டில் போகும் பஸ்ஸைப் பார்த்தபடி கட்டைவிரலால் புள்ளியைத் தடவி, ஒரு பொத்தான் மேலே ஏறி, அழுத்திப் பிடித்தார். மணி போனது. "டேய் ராசா, சாப்பிட்டியா?" என்றார். பத்து நிமிடம் பேசினார். பிறகு டப்பென்று மூடினார்.

வணக்கம்.