டிரம்ஸுக்குப் பக்கத்தில் நின்றவர்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

ராக் கச்சேரி எதையாவது தொலைக்காட்சியிலோ கைப்பேசியிலோ பார்த்திருப்பீர்கள். கேமரா யாரைக் காட்டும்? பாடுகிறவரைக் காட்டும். அவரை விட்டால், மேடை நுனிக்கு வந்து கண்ணை மூடிக்கொண்டு கிட்டாரைப் பிழிகிற லீடு கிட்டார்காரரைக் காட்டும். இவர்களுக்குப் பின்னால், டிரம்ஸை ஒட்டி இன்னொருவர் கிட்டாரோடு நிற்பார். வலது கை மட்டும் போய் வந்துகொண்டிருக்கும். அவர் ரிதம் கிட்டார்காரர். பாட்டு முழுக்க அவர் கை ஓயாது, ஆனாலும் கேமரா அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காது.

இன்று அப்படிப்பட்ட ஒருவரைப் பற்றித்தான் பேசப் போகிறேன். பெயர் மால்கம் யங். குழு ஏசி/டிசி. அந்தக் குழு என்றதும், பள்ளிக்கூடச் சீருடையும் அரைக்கால் சட்டையுமாக மேடையெல்லாம் ஓடுகிற ஒருவர் பலருக்கு நினைவுக்கு வருவார். அவர் ஆங்கஸ், மால்கமின் தம்பி. ஓடியது தம்பி. குழுவை ஓட்டியது அண்ணன்.

மால்கம் 1953 ஜனவரி 6 அன்று ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பிறந்தார். வீட்டில் எட்டுப் பிள்ளைகள், இவர் ஏழாவது, ஆங்கஸ் கடைக்குட்டி. 1963-இல் குடும்பத்தில் பெரும்பாலோர் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்து சிட்னியில் தங்கினார்கள். அங்கே இவர்களின் அண்ணன் ஜார்ஜ், ஈஸிபீட்ஸ் என்ற குழுவில் சேர்ந்து ஆஸ்திரேலியாவே அறிந்த நட்சத்திரம் ஆகிவிட்டார். ஜார்ஜும் ரிதம் கிட்டார்தான். அண்ணன் வேலையைத்தான் மால்கம் எடுத்துக்கொண்டார்.

பள்ளிப் படிப்பை விட்டதும் உள்ளாடைத் தொழிற்சாலை ஒன்றில் இயந்திரம் பழுது பார்க்கும் வேலை. இந்த இயந்திரப் புத்தியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும். 1973-இன் கடைசியில் குழுவைத் தொடங்குகிறார். ஏசி/டிசி என்ற எழுத்துகளைத் தையல் இயந்திரத்தில் பார்த்துச் சொன்னது அக்கா மார்கரெட் என்று குடும்பத்தில் சொல்வார்கள். முதல் கச்சேரி 1973 டிசம்பர் 31, சிட்னியில் செக்கர்ஸ் என்ற கேளிக்கை விடுதியில். மால்கமுக்கு இருபது வயது, ஆங்கஸுக்குப் பதினெட்டு.

இனி அவருடைய கிட்டாருக்கு வருகிறேன். நேரம் கொஞ்சம் கூடுதலாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள், விஷயமே இங்கேதான் இருக்கிறது.

அது கிரெட்ஷ் நிறுவனத்தின் ஜெட் ஃபயர்பேர்ட், 1963-இல் செய்தது. ஜார்ஜோடு ஈஸிபீட்ஸில் வாசித்த ஹாரி வாண்டா கொடுத்தது. பளபளவென்று சிவப்புச் சாயம் பூசிய அழகான கருவி. மால்கம் என்ன செய்தார்? இங்கேதான் அந்த இயந்திரப் புத்தி வேலை செய்தது. சாயத்தைச் சுரண்டி எடுத்தார். உள்ளே வெறும் மரம் தெரிந்தது. பிறகு பிக்கப்பில் கை வைத்தார். பிக்கப் என்பது தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் காந்தச் சுருள். பிரிட்ஜ், அதாவது கிட்டாரின் உடலில் தந்திகள் தாங்கி நிற்கும் பாலம், அந்தப் பக்கம் ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதைக் கழற்றி எறிந்தார். கழற்றிய இடத்தில் பொந்து அப்படியே இருந்தது, மூடக்கூட இல்லை. பெரும்பாலும் அந்தப் பொந்து விழுந்த கிட்டாரைத்தான் வாசித்தார்.

நேயர்களே, மற்றவர்கள் கிட்டாரில் எதையாவது சேர்ப்பார்கள். இவர் எடுத்துக்கொண்டே போனார். இதை இன்னும் இரண்டு மூன்று தடவை சொல்வேன்.

சேர்த்தது ஒன்றே ஒன்று, தந்தியின் கனம். கடையில் எலக்ட்ரிக் கிட்டாருக்கு ஸ்ட்ரிங் கேட்டால் "நைனா, டென்னா?" என்று கேட்பார்கள். மெல்லிய முதல் தந்தியின் விட்டம் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்பது பங்கா, பத்துப் பங்கா என்று அதற்குப் பொருள். ஆங்கஸ் போடுவது ஒன்பது செட், ஒன்பதில் தொடங்கி நாற்பத்திரண்டில் முடியும். மால்கம் போட்டது பன்னிரண்டு செட், பன்னிரண்டில் தொடங்கி ஐம்பத்தாறு வரை. அதிலும் மூன்றாவது தந்தி மேலே கம்பி சுற்றியது. ராக் வாசிக்கிறவர்கள் பெரும்பாலும் மூன்றாவது தந்தியை மொட்டைக் கம்பியாகத்தான் போடுவார்கள். இழுத்து வளைத்து வாசிக்க அது சுலபம்.

இவ்வளவு தடிமன் எதற்கு? தந்தியை ஓங்கி அடித்துப் பாருங்கள். அடித்த கணத்தில் அது விரிந்து அகலமாக ஆடும், இழுவிசை கூடும், சுருதி ஒரு நொடி ஏறிப் பிறகு இறங்கும். மெல்லிய தந்தியில் இந்த ஏற்றம் காதுக்கே கேட்கும். ஒரு தந்தி என்றால் போகட்டும். ஆறு தந்தியை ஒரே வீச்சில் அடிக்கிறவருக்கு ஆறும் ஆறு விதமாக ஏறி இறங்கினால் கார்டு கலங்கிவிடும். கார்டு என்றால் அட்டை என்று நினைத்துவிடாதீர்கள், பல சுரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் ஒலிப்பது. கனமான தந்தியை அதே சுருதிக்குக் கொண்டுவர முறுக்கை அதிகம் ஏற்ற வேண்டும். அந்த முறுக்கில் எவ்வளவு ஓங்கி அடித்தாலும் சுருதி அவ்வளவாக அசையாது.

மூன்றாவது தந்திக்குத் தனிக் கதை உண்டு. மொட்டைக் கம்பி முழுவதும் ஒரே எஃகு, தடிமனானது. விரல் வைத்து அழுத்தினாலே சுருதி ஏறிவிடும். "இப்போதுதானே ட்யூன் செய்தேன், ஈ கார்டு ஏன் புளிக்கிறது?" என்று கேட்காத மாணவர் கிடையாது. கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள் ஃப்ரெட், கழுத்து நுனியில் தந்திகள் பள்ளத்தில் உட்காரும் சின்னக் கட்டை நட்டு. ஈ மேஜர் கார்டில் மூன்றாவது தந்தியில்தான் விரல் முதல் ஃப்ரெட்டில், நட்டுக்குப் பக்கத்திலேயே விழுகிறது. அழுத்தம் மிக அதிகமாகத் தாக்கும் இடம் அதுதான். சுற்றிய தந்தியில் உள்ளே இருக்கும் கம்பி மெலிது, கனம் எல்லாம் சுற்றில் இருக்கிறது. அழுத்தினால் அவ்வளவாக ஏறாது. மால்கமின் கார்டுகள் மணி அடித்ததுபோல் விழுவதற்குப் பாதிக் காரணம் இது.

சரி, நாமும் பன்னிரண்டு போடலாமே என்று யாராவது கிளம்பினால், கொஞ்சம் பொறுங்கள். ஒன்பது செட் போட்ட கிட்டாரில் நேராகப் பன்னிரண்டை மாட்டினால் மூன்று தொல்லை வரும். கழுத்து முன்பக்கம் வளையும், தந்தி ஃப்ரெட்டை விட்டு எழும்பி நிற்கும். அதற்குக் கழுத்துக்கு உள்ளே இருக்கும் ட்ரஸ் ராட் என்ற உலோகத் தண்டைக் கால் சுற்று கால் சுற்றாக இறுக்க வேண்டும். ஒரேயடியாக இறுக்கினால் மறை போய்விடும். அடுத்து நட்டில் உள்ள பள்ளம். மெல்லிய தந்திக்கு அறுத்த பள்ளத்தில் தடித்தது சிக்கிக்கொள்ளும், சுருதி சேர்க்கும் சாவியைத் திருப்பினாலும் சுருதி நகராது, பிறகு டக்கென்று குதிக்கும். அளவான அரத்தால் பள்ளத்தை அகலப்படுத்த வேண்டும், ஆழப்படுத்தக் கூடாது. மூன்றாவது, பிரிட்ஜில் தந்தியின் நீளத்தைத் திரும்பவும் சரிபார்க்க வேண்டும். இவ்வளவும் செய்த பிறகு விரல் வலி என்று ஒன்று இருக்கிறது. ஒன்பதிலிருந்து பத்து, பத்திலிருந்து பதினொன்று என்று இடையில் சில வாரம் விட்டு ஏறுவதுதான் புத்திசாலித்தனம்.

தந்தியிலேயே நின்றுவிட்டேன். ஆம்ப்ளிஃபயருக்கு வருவோம். மால்கம் வைத்திருந்தது மார்ஷல் சூப்பர் பாஸ், நூறு வாட். பேஸ் கிட்டாருக்கென்று வந்த மாதிரி. லீடுக்கென்று செய்ததைவிட இது மெதுவாகத்தான் கரகரக்கும். அவர் அதைக்கூட அதிகம் கரகரக்க விடமாட்டார். ஹார்ட் ராக் என்றால் காதைக் கிழிக்கும் கரகரப்பு என்று நினைப்போம் அல்லவா? அவருடைய கிட்டாரைத் தனியாகக் கேட்டால், இவ்வளவு சுத்தமாகவா இருக்கிறது என்று தோன்றும்.

இதற்கும் காரணம் உண்டு. கரகரப்பை ஏற்ற ஏற்ற, ஒலிக்கிற சுரங்கள் ஒன்றோடொன்று மோதி, நாம் வாசிக்காத சுரங்களும் உள்ளே பிறக்கும். இரண்டு சுரம் மட்டும் வாசித்தால் தாங்கும். ஆறு தந்தியும் ஒலிக்கிற முழுக் கார்டை வாசித்தால் கூழாகிவிடும். மால்கமுக்கு முழுக் கார்டுதான் வேண்டும். ஈ, ஏ, டி, ஜி என்று கிட்டார் வகுப்பில் முதல் மாதம் கற்றுத்தருகிற அதே திறந்த கார்டுகள். ஆகவே கரகரப்பைக் குறைத்தார். பார்த்தீர்களா, இங்கேயும் எடுத்தார். கனம் எங்கிருந்து வந்தது என்றால் கையிலிருந்து வந்தது. பெரும்பாலும் கீழ்நோக்கிய அடி. கீழ்நோக்கி அடித்தால் தடித்த தந்தி முதலில் பேசும்.

அடுத்தது மௌனம். கர்நாடக இசை கேட்கிறவர்களுக்குக் கார்வை என்றால் தெரியும். அடியும் அடியும் சேராமல் நடுவில் விட்டு நிறுத்துவது. 1980-இல் வந்த 'பேக் இன் பிளாக்' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஈ கார்டு ஒரே ஒரு அடி. நிறுத்தம். டி கார்டு மூன்று அடி. நிறுத்தம். ஏ கார்டு மூன்று அடி. நிறுத்தத்தில் டிரம்ஸ் மட்டும் நடக்கும். அடியைவிட அந்த நிறுத்தம்தான் தலையை ஆட்ட வைக்கிறது.

வாசித்துப் பார்க்கிறவர்கள் கார்டில் தவறுவதில்லை, நிறுத்துவதில்தான் தவறுகிறார்கள். ஈ மேஜரில் ஆறாவது, இரண்டாவது, முதல் தந்திகள் விரல் படாமல் திறந்து கிடக்கும். இடது கையைத் தூக்கினால் அந்த மூன்றும் ஓயாமல் ஒலித்துக்கொண்டே இருக்கும். வலது உள்ளங்கையின் ஓரத்தை பிரிட்ஜுக்கு முன்னால் தந்திமேல் இறக்க வேண்டும். அதே நேரத்தில் இடது விரல்கள் தந்தியை விட்டு விலகாமல் அழுத்தத்தை மட்டும் விட வேண்டும். இரண்டும் ஒரே கணத்தில். இடது கை முந்தினால் திறந்த தந்தி முனகும். உள்ளங்கை முந்தினால் அடி குட்டையாகிக் கட்டையில் தட்டியதுபோல் கேட்கும். தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு அறுபதில் வைத்து, ஒரு அடி, மூன்று மௌனம் என்று பத்து நிமிடம் வாசித்துப் பாருங்கள். எளிதாகத் தோன்றும், கை நடுங்கிவிடும்.

அந்த மெட்டு பிழைத்ததே பெரிது. மால்கம் அதைக் காசெட்டில் பதிந்து வைத்திருந்தார். சுற்றுப்பயணத்தில் காசெட் எளிதில் கிடைக்காது, ஆகவே பழையதை அழித்துவிட்டு அதன்மேலேயே பதிவார்கள். ஒருநாள் தம்பியிடம் போட்டுக் காட்டி, தேறுமா, அழித்துவிடலாமா என்று கேட்டிருக்கிறார். அழிக்காதே, உனக்கு வேண்டாமென்றால் நான் எடுத்துக்கொள்கிறேன் என்றாராம் ஆங்கஸ். பிற்காலப் பேட்டியில் அவரே சொன்னது. உலகத்தில் மிக அதிகம் விற்ற இசைத்தட்டுகளில் ஒன்றுக்குப் பெயர் கொடுத்த பாட்டு, ஒரு காசெட்டுப் பஞ்சத்தில் போயிருக்கும்.

அந்த இசைத்தட்டு வந்த சூழ்நிலையையும் சொல்ல வேண்டும். 1980 பிப்ரவரி 19 அன்று பாடகர் பான் ஸ்காட் லண்டனில் இறந்துபோனார். குழு கலைந்துவிடும் என்று எல்லோரும் நினைத்தார்கள். வீட்டில் முடங்கிக் கிடப்பதைவிட, பாதியில் நிற்கிற மெட்டுகளை வாசித்துக்கொண்டாவது இருப்போம் என்று தம்பியைக் கூப்பிட்டவர் மால்கம். பிரையன் ஜான்சன் பாடகராக வந்தார். பஹாமாஸ் தீவில் பதிவு, மட் லேங்கின் தயாரிப்பு, ஜூலையில் வெளியீடு. பாடகர் இறந்து ஐந்து மாதம்!

கண்ணாடிக்கு அப்பால் கை காட்டுகிறார்கள். இரண்டு நிமிடம்தான் இருக்கிறதாம். மேடையில் அவர் எப்படி நிற்பார் என்று விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். சுருக்கமாக, ஐந்தேகால் அடி மனிதர், டிரம்ஸ் பக்கத்தில் நிற்பார், பல்லவி வந்தால் மைக் வரை நடப்பார், பாடுவார், வந்த வழியே திரும்புவார்.

குடிப்பழக்கம் இருந்தது. 1988-இல் சுற்றுப்பயணத்தின் நடுவில் விலகிச் சிகிச்சை எடுத்தார். அந்த இடத்தில் அண்ணன் மகன் ஸ்டீவி வாசித்தார். மால்கம் குடியை விட்டுத் திரும்பி வந்து இன்னும் இருபது ஆண்டுகளுக்கு மேல் வாசித்தார். 2008-இல் தொடங்கிய பெரிய பயணத்தில் மறதி நோய் தலைகாட்டிவிட்டது. தானே போட்ட மெட்டுகளைத் திரும்பக் கற்றுக்கொண்டு மேடை ஏறியதாக ஆங்கஸ் சொல்லியிருக்கிறார். 2010 ஜூனில் ஸ்பெயினின் பில்பாவோ நகரில் கடைசிக் கச்சேரி. 2014-இல் நோயை வெளியில் சொல்லி ஓய்வு பெற்றார். 2017 நவம்பர் 18 அன்று சிட்னியில் காலமானார், வயது 64. அண்ணன் ஜார்ஜ் போய் நான்கு வாரம்கூட ஆகவில்லை.

வீட்டில் கேட்டுப் பார்க்க ஒன்று சொல்லி முடிக்கிறேன். ஏசி/டிசி பதிவுகளில் இரண்டு கிட்டாரும் பெரும்பாலும் ஆளுக்கொரு பக்கமாக வைக்கப்பட்டிருக்கும். ஹெட்ஃபோனில் ஒரு காதை எடுத்துவிட்டுக் கேளுங்கள், பிறகு மற்றதை. தனி வாசிப்பு வராத பக்கம் பெரும்பாலும் மால்கம். தம்பியின் தனி வாசிப்பு தொடங்கும்போது அந்தப் பக்கம் கை மாறுகிறதா என்று கவனியுங்கள். வணக்கம்.