இடமாற்றத்துக்கும் பதவிநீக்கத்துக்கும் நடுவுல

கோர்ட்டுக்குப் போற எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயத்துல இருந்தே ஆரம்பிக்கிறேன். ஒரு மாஜிஸ்ட்ரேட் தப்பு பண்ணார்னு புகார் வந்தா, அரசியல் சட்டத்தோட 235-வது பிரிவுப்படி ஹைகோர்ட் விசாரிக்கலாம், மெமோ குடுக்கலாம், சஸ்பெண்ட் பண்ணலாம், வேலைய விட்டே அனுப்ப நடவடிக்கை எடுக்கலாம். அதே ஹைகோர்ட்ல உக்காந்திருக்கிற ஜட்ஜ் மேலயே புகார் வந்தா? பார்லிமெண்ட் மூலமா பதவிநீக்கம்ங்கிற ஒரே வழியத்தான் அரசியல் சட்டம் எழுதி வெச்சிருக்கு. எச்சரிக்கை, கண்டனம், கொஞ்ச நாள் நிறுத்தி வைக்கிறதுன்னு நடுவுல ஒரு படி கூட அதுல கிடையாது.

அந்த வழி எப்படிப்பட்டதுன்னு பாருங்க. லோக்சபான்னா 100 எம்.பி, ராஜ்யசபான்னா 50 எம்.பி கையெழுத்து போடணும், அப்புறம் 1968 நீதிபதிகள் விசாரணைச் சட்டப்படி மூணு பேர் கமிட்டி விசாரிக்கும், குற்றம் உறுதின்னு சொன்னா ரெண்டு சபையிலயும் மொத்த உறுப்பினர்கள்ல பாதிக்கு மேல, அன்னைக்கு ஓட்டு போட்டவங்கள்ல மூணுல ரெண்டு பங்கு ஆதரவு வேணும். 1993 மே மாசம் சுப்ரீம் கோர்ட் நீதிபதி வி. ராமசாமி விஷயத்துல என்ன ஆச்சு? கமிட்டி 14 குற்றச்சாட்டுல 11 நிரூபணம்னு சொல்லிருச்சு, ஆனா லோக்சபாவுல ஆதரவா 196 ஓட்டு, எதிர்த்து ஒரு ஓட்டு கூட இல்ல, 205 பேர் ஓட்டே போடல, தீர்மானம் தோத்துருச்சு. நீதிபதிகள் விசாரிச்சு சொன்ன முடிவு கட்சிக் கணக்குல கரைஞ்சு போனதுல எனக்கு இன்னைக்கும் கோவம் ஆறல.

சரி, சுப்ரீம் கோர்ட் 1999-ல ஏத்துக்கிட்ட உள்விசாரணை முறை, அதாவது ஜட்ஜ் மேல வர்ற புகார ஜட்ஜுங்களே உள்ளுக்குள்ள விசாரிக்கிற முறை இருக்கேன்னு கேப்பீங்க. இருக்கு, ஆனா அந்த ரிப்போர்ட்ட பொதுமக்கள் கேட்டு வாங்க முடியாதுன்னு 2003-லயே தீர்ப்பாயிருச்சு. தப்பு இல்லன்னு வந்தா அந்த ஜட்ஜோட பேருக்கு அதால என்ன பிரயோஜனம், தப்புன்னு வந்தா புகார் குடுத்தவங்களுக்கு என்ன பதில்?

இன்னொரு பழக்கம் டிரான்ஸ்ஃபர். நிலம் சம்பந்தமான குற்றச்சாட்டு வந்தப்ப நீதிபதி தினகரனை கர்நாடகாவுல இருந்து சிக்கிமுக்கு தலைமை நீதிபதியா மாத்துனாங்க. குற்றச்சாட்டு உண்மைன்னா சிக்கிம் ஜனங்க என்ன பாவம் பண்ணாங்க, பொய்னா அவர எதுக்கு மாத்தணும்? 2011-ல அவரே ராஜினாமா பண்ணாரு, பதவிநீக்கத்துக்காக அவர் மேல நடந்த கமிட்டி விசாரணையும் அதோட நின்னுபோச்சு, உண்மை என்னன்னு நமக்கு கடைசி வரைக்கும் தெரியல.

அரசாங்கம் கையில சாட்டையக் குடுத்துட்டா ஜட்ஜுங்க பயந்து பயந்து தீர்ப்பு எழுதுவாங்கன்னு சொல்றாங்க, நியாயமான பயம்தான், நானும் அதுக்கு சம்மதிக்க மாட்டேன். ஆனா விசாரிக்கிறது ஜட்ஜுங்களாவே இருக்கட்டும், முடிவ மட்டும் வெளியில சொல்லட்டும். இங்கிலாந்துல நீதிபதிக்கு எச்சரிக்கையோ கண்டனமோ குடுத்தா பேரோட அறிக்கை வெளியிடறாங்க, அதனால அங்க நீதித்துறை ஒண்ணும் சாஞ்சு போயிடல.

நம்ம நாட்டுலயும் 2010-ல ஒரு மசோதா வந்துச்சு. யார் வேணும்னாலும் புகார் குடுக்கலாம், சின்னத் தப்புக்கு எச்சரிக்கை குடுக்கலாம்னு அதுல இருந்துச்சு. 2012-ல லோக்சபா பாஸ் பண்ணிருச்சு, 2014-ல சபை கலைஞ்சதோட காலாவதி ஆயிருச்சு. அத திரும்ப எடுங்கன்னு உங்க தொகுதி எம்.பி.கிட்ட எழுதிக் கேளுங்க, புகார் குடுக்கறவங்களயே தண்டிக்கிற ஒரு பிரிவு அதுல இருந்துச்சே, அத மட்டும் எடுத்துட்டுக் கொண்டுவாங்கன்னு சேத்து எழுதுங்க.