எச்சில் இலை சொல்லும் சேதி

நடுவர் அவர்களே, கடலூர்ப் பெருமக்களே, வணக்கம்.

செவ்வாயில் உயிரைத் தேட வேண்டியது இன்றைய பனியிலா, பழைய கல்லிலா? கல்லில்தான் என்று பேச வந்திருக்கிறேன். எதிரணி அண்ணன் கைதட்டலோடு ஒன்று கேட்டார்: “பசித்தவன் சோற்றுப் பானையைத் தேடுவானா, எச்சில் இலையைத் தேடுவானா?” நல்ல கேள்வி. ஆனால் பந்தி எப்போதோ முடிந்துபோன வீடு அது, அண்ணே. யார் சாப்பிட்டார்கள் என்பதை இலையைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

பனியே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2008-இல் ஃபீனிக்ஸ் கலம் வடதுருவப் பக்கம் மண்ணைச் சுரண்டியதும் வெள்ளைக் கட்டிகள் தெரிந்தன. நாலே நாளில் மாயம்! உருகி ஓடவில்லை, அப்படியே ஆவியாகிவிட்டன. காற்றழுத்தம் நம்முடையதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத இடம். தண்ணீர் தரையில் நின்றால்தானே தவளை கத்தும்? ஆழத்தில் இருக்கலாமே என்பார்கள். இருக்கலாம். தோண்டுவதற்கு நெய்வேலி சுரங்க இயந்திரத்தையா தூக்கிக்கொண்டு போவது?

சரி, கல்லுக்கு வருவோம். திருவக்கரையில் கிடக்கும் கல்மரங்களுக்கு வயது சுமார் 2 கோடி ஆண்டு. ஓர் இலை இல்லை, ஒரு சொட்டுச் சாறு இல்லை. இருந்தும் அது மரம் என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். தண்ணீரில் கரைந்து வந்த சிலிக்கா உள்ளே ஊறி, நாரை நாராகவே அச்செடுத்து வைத்துவிட்டது. (அந்தப் பாறைக்குப் புவியியலார் வைத்த பெயர் ‘கடலூர் மணற்கல்’. பெருமைப்பட்டுக்கொள்ளுங்கள்.)

கெடிலம் கடலில் கலக்கும் இடத்தில் வண்டல் படிகிறதல்லவா? செவ்வாயின் ஜெசேரோ பள்ளத்தில் இருந்த ஏரியிலும், 300 கோடி ஆண்டுக்கு முன்பே ஓர் ஆறு இப்படித்தான் வண்டலை இறக்கியது. பெர்செவெரன்ஸ் ஊர்தி 2021 முதல் அங்கே சுற்றுகிறது. அந்த ஆற்றின் தடத்தில் 2024-இல் ஒரு சேற்றுப் பாறையைப் பார்த்தது. மேலெல்லாம் சிறுத்தைப் புள்ளி. இரும்போடு பாஸ்பேட் சேர்ந்த கனிமம், இரும்போடு கந்தகம் சேர்ந்த கனிமம். பூமியில் சேற்று நுண்ணுயிர்கள் இப்படி விட்டுப்போவதுண்டு. உயிர் இல்லாமலும் உண்டாகலாம், அதை மறைக்க மாட்டேன். ஆனால் பனியிலிருந்து இந்த அளவுக்காவது ஒரு சாட்சி வந்ததா?

துளைத்தெடுத்த துண்டு குழாயில் அடைபட்டு இன்னும் செவ்வாயிலேயே இருக்கிறது. அது வந்து சேரும்வரை தீர்ப்பைத் தள்ளிவையுங்கள் என்று கேட்டிருப்பேன், நடுவரே. எதிரணி அண்ணன் கடைசிப் பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமாம். அதனால் இப்போதே எங்கள் பக்கம் சொல்லிவிடுங்கள்.