ஒட்டுவதும் பிணைவதும்

நேயர்களுக்கு வணக்கம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேதியியல் கற்பித்த எனக்கு, ‘ஒட்டுதல்’, ‘பிணைப்பு’ ஆகிய இரு சொற்களையும் ஒன்றுக்கொன்று மாற்றிப் புழங்குவதைக் கேட்டால் மனம் பொறுப்பதில்லை. அவற்றின் வேறுபாட்டை எனக்கு முதலில் உணர்த்தியது எங்கள் ஊர் சைக்கிள் கடைதான்.

கடைக்காரர் டியூபைத் தண்ணீரில் அமுக்கி, குமிழி கிளம்பும் இடத்தைக் கண்டுபிடித்து, ஈரம் போகத் துடைத்து, கருப்பு மங்கும்வரை உப்புத்தாளால் தேய்ப்பார். பிறகு சொல்யூஷன் என்னும் ரப்பர் பசையை மெல்லியதாகத் தடவிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பார். பள்ளி மணி அடித்துவிடுமே என்று நான் தவிக்கும்போது, “ஈரத்தோட வச்சா ஒட்டுன மாதிரி இருக்கும் தம்பி, ஒட்டியிருக்காது” என்பார். நம்பாமல் ஒருநாள் வீட்டில் நானே அவசரமாக ஒட்டிக்கொண்டு கிளம்பினேன். பாதி வழியில் காற்று இறங்கியது. கழற்றிப் பார்த்தால் பேட்ச் அப்படியே உரிந்து கையோடு வந்தது.

அவர் சொன்னது முழுக்கச் சரி. கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும் பரப்பிலும் நுண்ணிய மேடுபள்ளங்கள் உண்டு. ஆகவே இரண்டு திடப்பொருள்களைச் சேர்த்து வைத்தால் அவை சில முகடுகளில் மட்டுமே தொட்டுக்கொள்கின்றன. மூலக்கூறுகளுக்கிடையே உள்ள கவர்ச்சியோ மிக மிக நெருங்கினால்தான் வேலை செய்யும். பசை பள்ளங்களில் பாய்ந்து பரப்பை நனைப்பதால் அந்த நெருக்கம் கிடைக்கிறது. நனைக்காத பசை ஒட்டாது. இதை மறுபடியும் சொல்கிறேன், நனைக்காத பசை ஒட்டாது. தாமரை இலையில் நீர் உருண்டோடுவதும் இதனால்தான். இதுவரை நடந்தது ஒட்டுதல். ஆனால் சொல்யூஷனில் உள்ள கரைப்பான் ஆவியாகாமல் உள்ளே சிக்கிக்கொண்டால் இடையிலுள்ள படலம் குழைந்தே கிடக்கும். கரைப்பான் ஆவியாகட்டும் என்றுதான் கடைக்காரர் காத்திருந்தார்.

பிணைப்பு இதற்கு அடுத்த படி. 1839இல் சார்லஸ் குட்இயர் ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கியபோது, ரப்பரின் நீண்ட சங்கிலிகளுக்கிடையே கந்தகம் பாலமிட்டது. சூடில்லாமலே பதமாகும் இன்றைய பேட்ச்களிலும், பேட்சின் ரப்பரும் டியூபின் ரப்பரும் சந்திக்கும் இடத்தில் அத்தகைய பாலங்கள் உருவாகின்றன. அங்கே அணுக்கள் எலக்ட்ரான்களைப் பகிர்ந்துகொள்கின்றன. அதுவே வேதிப் பிணைப்பு.

சுவரொட்டியை உரித்துப் பார்த்திருப்பீர்கள். தாள் முழுதாக வந்தால் ஒட்டுதல் தோற்றது. தாளே கிழிந்து பாதி சுவரில் நின்றால், தாளுக்குள் நார்களைச் சேர்த்துப் பிடித்திருந்த வலுவைவிடப் பசையின் பிடி பெரிது. எது எங்கே விட்டது என்று பார்க்காமல், பசை சரியில்லை என்று சொல்லிவிடுவது நியாயமல்ல.

தச்சர்கள் தோலைக் காய்ச்சிச் செய்த வச்சிரப் பசையைப் பற்றியும் விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன். நேரம் முடியப் போவதால் ஒட்டு மாங்கன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். அதில் பசையே கிடையாது. வேர்ச்செடியிலும் ஒட்டுக்கிளையிலும் பட்டைக்கு அடியிலுள்ள பச்சையான வளர்திசு ஒன்றோடொன்று படும்படி வைத்துக் கட்டினால், புதிய உயிரணுக்கள் தோன்றி இடைவெளியை நிரப்பும். பிறகு கட்டை அவிழ்த்துவிடலாம். வணக்கம்.