சைனா க்ரூஸர் எடுக்கலாமா? ஷோரூமுக்குப் போகும் முன் சர்வீஸ் சென்டருக்குப் போங்கள்

வணக்கம் நண்பர்களே. பின்னால் நிற்பது என்னுடைய க்யூஜே மோட்டார் எஸ்ஆர்வி 300, தாழ்ந்த சீட்டோடு நீண்ட பயணத்துக்கான க்ரூஸர் பைக். சிக்னலில் நின்றால் போதும், பக்கத்து வண்டிக்காரர் எட்டிப் பார்த்து இரண்டே கேள்விதான் கேட்பார். "என்ன விலை?", "சைனா வண்டியா?"

ஆமாம், சைனா வண்டிதான். தயாரிப்பது சியான்ஜியாங் என்ற கம்பெனி. இத்தாலியின் பெனெல்லியை 2005இல் வாங்கியதும் இவர்கள்தான்.

சரி, விலைக்கு வருவோம். 2022 நவம்பரில் இந்தியாவுக்கு வந்தபோது எக்ஸ் ஷோரூம், அதாவது சாலை வரியும் காப்பீடும் சேராத விலை, 3.49 லட்சம். அந்தத் தொகையை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். தமிழ்நாட்டில் ஒரு லட்சத்துக்கு மேல் போகிற பைக்குக்குச் சாலை வரி 12 சதவீதம். 3.49 லட்சத்துக்கு அதுவே கிட்டத்தட்ட 42,000 ரூபாய். ஆனால் இன்ஜின் 296 சிசி என்பதில் ஒரு லாபம் இருக்கிறது. புது வண்டிக்குக் கட்டாயமான ஐந்து வருட மூன்றாம் நபர் காப்பீடு, 350 சிசி வரை 2022 கட்டணப்படி 7,365 ரூபாய். அதைத் தாண்டினால் 15,117. ஜிஎஸ்டியும் அப்படித்தான். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரை 18 சதவீதம், அதற்கு மேலே 40.

இதே பணத்துக்குள் ராயல் என்ஃபீல்டு மீட்டியர் 350 வருமே என்று கேட்பீர்கள். வரும், மிச்சமும் இருக்கும். நம் சென்னை ஒரகடம் பக்கத்தில் தயாராகிற வண்டி, ஸ்பேர் எந்த ஊரிலும் கிடைக்கும். ஓட்டுவதில்தான் இரண்டும் வேறு வேறு. மீட்டியர் ஒற்றை சிலிண்டர், 20 குதிரை சக்தி. மெதுவாகப் போகும்போதே இழுவை கிடைக்கும். என்னுடையது வி-ட்வின், அதாவது 'V' வடிவத்தில் இரண்டு சிலிண்டர், 30 குதிரை சக்தி. அந்த சக்தி முழுதாக வருவதே 9,000 ஆர்பிஎம்மில், அதாவது இன்ஜின் நிமிடத்துக்கு 9,000 சுற்று சுற்றும்போதுதான். ஊருக்குள் கியரைக் குறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஈசிஆரில் மகாபலிபுரம் தாண்டி ரோடு காலியானதும் கொஞ்சம் முறுக்கினால், அந்த இரண்டு சிலிண்டரும் சேர்ந்து எழுப்புகிற சத்தம் இருக்கிறதே, அதற்காகத்தான் நான் பணம் கொடுத்தேன். சீட் உயரம் 700 மில்லிமீட்டர். என் உயரம் ஐந்தடி நாலு அங்குலம், இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் பதிகிறது.

அப்புறம் கோவளத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். மணலில் சைடு ஸ்டாண்டு போட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பிப் பார்ப்பதற்குள் ஸ்டாண்டு மெல்லப் புதைந்து வண்டி இடது பக்கம் படுத்துவிட்டது. தப்பு என்னுடையது. கிளட்ச் லீவர் கொக்கி மாதிரி வளைந்துபோனது. நல்லவேளையாக, வண்டி எடுத்த அன்றே இரண்டு லீவர், கிளட்ச் கேபிள், ஆயில் ஃபில்டர் தனியாக வாங்கி வைத்திருந்தேன். லீவர் சீட்டுக்குப் பின்னால் பையிலேயே இருந்தது. ஸ்பேனரை டீக்கடைக்காரர் எங்கிருந்தோ தேடிக் கொடுத்தார். பத்து நிமிட வேலை. இப்போது தட்டிச் சமமாக்கிய ஒரு டப்பா மூடியும் அந்தப் பையில் இருக்கிறது. ஸ்டாண்டுக்குக் கீழே வைக்க.

இதனால்தான் சொல்கிறேன், டெஸ்ட் ரைடு போவதற்கு முன்னால் சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். ஒரு சனிக்கிழமை காலை அங்கே போய் நில்லுங்கள். அந்த மாடல் எத்தனை வண்டி வந்திருக்கிறது, எந்த ஸ்பேர் கையிருப்பில் இருக்கிறது என்று மெக்கானிக்கிடமே கேளுங்கள். பின் டயர் 15 இஞ்ச், அகலமானது; எல்லா டயர் கடையிலும் இருக்காது, அதையும் விசாரியுங்கள். எனக்கு சென்டர் ஒன்பது கிலோமீட்டரில் இருப்பதால் வாங்கினேன். உங்களுக்கு அது இருநூறு கிலோமீட்டர் என்றால் எடுக்காதீர்கள். மனதுக்குக் கஷ்டமாக இருந்தாலும் எடுக்காதீர்கள்.

ரீசேல் பற்றியும் நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். இரண்டு வருடத்தில் விற்றுவிடும் எண்ணம் இருந்தால் இந்த வண்டி வேண்டாம்.

இப்போது ஸ்டார்ட் செய்கிறேன். ஹெட்ஃபோன் இருந்தால் மாட்டிக்கொள்ளுங்கள்.